கம்புக்குள் ஒரு சுருள்

கார்த்திகைத் தீபத்தன்று, திருவண்ணாமலைக் கோயிலின் கொடிமரத்தருகே மாலை ஆறு மணியளவில் அர்த்தநாரீசுவரர் சில நிமிஷங்கள் மட்டுமே வெளியே எழுந்தருளி, ஆடியவாறே உள்ளே திரும்பும் அந்த வேளையில், 2,668 அடி உயரமுள்ள மலையின் உச்சியில் தீபம் ஏற்றப்படுகிறது. அப்பொழுது எழும் ‘அரோகரா’ கோஷத்தை ஒலிப்பதிவு செய்யத் தவறியவன் அடுத்த கார்த்திகை வரை காத்திருக்க வேண்டியதுதான்.

அந்த ஜனத்திரளில், மைக்கை நீண்ட கம்பின் நுனியில் பொருத்தித் தலைகளுக்கு மேலே பிடிப்பதைச் சினிமாக்காரர்கள் ‘பூம் பிடிப்பது’ என்பார்கள். மைக்கின் குணாதிசயங்களைப் பற்றி விஸ்தாரமாகப் பேசுவோர் உண்டு. ஆனால் அதிலிருந்து ஒலியைக் கொண்டுவரும் கேபிளைப் பற்றி யோசிப்பவர் சிலரே. நல்ல மைக்கின் பதிவு கேபிளால் கெட்டுப்போனதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

கேபிளைக் கம்பின் மேலேயே சுற்றிக்கொள்வது ஒரு முறை. கூட்டத்தில் அது யார் தோளிலாவது மாட்டும். கம்பை நீட்டிக் குறுக்கும் ஒவ்வொரு தடவையும் அவிழ்த்துச் சுற்றவும் வேண்டும். பழைய தொலைபேசி வயரைப் போலச் சுருண்ட கேபிளைக் கம்பின் குழலுக்குள்ளேயே வைத்துவிட்டால், கம்பு நீளும்போது தானும் நீண்டு, குறுகும்போது தானும் சுருங்கி, கைக்கு ஒரு தொந்தரவும் தராது.

ஆயினும் எந்தச் சுருளும் எந்தக் கம்புக்கும் பொருந்திவிடாது. நான் முதலில் வாங்கியது பி.வி.சி. உறையிட்டது. சித்திரை மாதத்தில் ஒரு பகல் முழுதும், நீட்டிய கம்போடு வெயிலில் நின்ற காருக்குள் அது கிடந்தது. மாலையில் எடுத்துப் பார்த்தபோது, சுருளும் சக்தியை இழந்து துவண்டு தொங்கிற்று. சூட்டில் இளகிய பி.வி.சி., இழுபட்ட வடிவத்தையே தன் வடிவமாகக் கொண்டுவிடுகிறது. பாலியூரித்தேன் உறைக்கு பழைய நிலைக்கு மீளும் குணம் மிகுதி. விலை கூடுதலானாலும் இந்த ஊர் வெயிலுக்கு அதையே நான் சிபாரிசு செய்வேன்.

அளவு விஷயத்தில் சிரத்தை வேண்டும். சுருளின் பருமன் கம்பின் மிக ஒடுங்கிய குழலுக்குள் தாராளமாகப் போகவேண்டும். ஓய்வுநிலையில் அதன் நீளம் குறுக்கிய கம்பின் நீளத்துக்கு ஏறக்குறைய ஒத்திருந்து, கம்பு முழுவதும் நீண்டபோதும் சிரமமின்றி எட்டவேண்டும். எல்லைவரை இழுபட்டுத் தவிக்கும் சுருளோ, நுனியிலுள்ள மைக்கையே ஒரு பக்கமாகத் திருப்பிவிடும்.

சுருள் கேபிளின் பெரிய தோஷம் வேறொன்று. ஒரு விடியற்காலையில் ஓதுவார் ஒருவர் தேவாரம் பாடுவதைப் பதிவு செய்யச் சென்றேன். கம்பைப் பாதியளவே நீட்டியிருந்ததால், தளர்ந்திருந்த சுருள் என் கை அசையும்போதெல்லாம் குழலின் சுவரில் மோதிற்று. உழக்குக்குள் புளியங்கொட்டை உருளுவது போன்ற அந்தச் சத்தம், பண்ணின் இழைவுகளுக்கு நடுவே, இன்றும் அந்தப் பதிவில் கேட்கிறது. அதைக் கேட்கும்போதெல்லாம் என் மனம் வேதனைப்படுகிறது. ஆகையால் நிசப்தமான பிரகாரத்தில் தனிக்குரலைப் பதிவதானால், நேரான கேபிளைக் கம்போடு இறுகக் கட்டிக்கொள்வதே உசிதம். ஜனநெரிசலுக்கும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதைக்குமே சுருள் ஏற்றது. வாங்கும்போது மைக்கை மாட்டி, ஹெட்போனில் ஒலியளவை உயர்த்திவைத்து, கம்பை மெல்லச் சாய்த்தும் நிமிர்த்தியும் கேட்டுப் பாருங்கள்.

கேபிளுக்குள் ஓடும் இரண்டு கம்பிகளே, கண்டென்சர் மைக்குக்கு வேண்டிய 48 வோல்ட் மின்சாரத்தையும் சுமக்கின்றன. திருவிழாவின் ஜெனரேட்டரும் சீரியல் விளக்குகளும் எழுப்பும் இரைச்சல் இரண்டிலும் சமமாகப் படிவதால், பதிவுக் கருவி ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து அதைப் பெரும்பாலும் நீக்கிவிடுகிறது. அவற்றைச் சுற்றியுள்ள காப்பு உலோகத்தாளாக இருந்தால் ஓயாத நெளிவில் விரிசல் காணும். மெல்லிய செப்பு இழைகளைச் சுற்றிய காப்பே நெடுநாள் உழைக்கும்.

தீபம் தரிசித்து, பதிவும் முடிந்தபின், எவ்வளவு களைப்பானாலும் கம்பை முழுவதும் குறுக்கி, பனியின் ஈரத்தைத் துடைத்த பிறகே உறையில் வைக்கிறேன்.