சமையல் எண்ணெயில் வண்டி ஓடுமா?



செம்பனைத் தோட்டத்துக் குடும்பங்களுக்கு எண்ணெயைப் பற்றி யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. குலையை வெட்டுவதும், உதிர்ந்த பழத்தைப் பொறுக்குவதும், லோரியில் ஏற்றி ஆலைக்கு அனுப்புவதும் நம்முடைய கைகளே. அந்த எண்ணெய்தான் பிறகு பாக்கெட்டில் அடைபட்டுக் கடை வழியாக நம் அடுப்படிக்குத் திரும்பி வருகிறது. அப்படியிருக்க, இதையே வண்டியில் ஊற்றி ஓட்டினால் என்ன என்ற கேள்வி எழுவது இயற்கைதான். அதிலும் 2024ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள் தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஒரே இரவில் ஏறிய பிறகு, சின்ன லோரியோ வேனோ வைத்துப் பிழைக்கும் குடும்பங்களில் இந்தப் பேச்சு அடிக்கடி அடிபட்டது. அதன்பின் விலை இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தாலும் பேச்சு நின்றபாடில்லை.

ஓடும் என்பதே நேரான விடை. ஆனால் எந்த வண்டி, எந்த எண்ணெய், யார் தயாரித்தது, எங்கே தயாரித்தது என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை கண்ட பிறகே அந்தச் சொல்லுக்குப் பொருள் உண்டு.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுவோம். நம்மில் பெரும்பாலோர் வைத்திருப்பது மோட்டார் சைக்கிள். அது பெட்ரோலில் ஓடுவது. பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி தட்டித்தான் எரிபொருள் பற்றுகிறது. சமையல் எண்ணெய் அப்படிச் சட்டென்று ஆவியாகிப் பற்றாது. ஆகவே மோட்டார் சைக்கிளுக்கோ புல்வெட்டும் இயந்திரத்துக்கோ இது உதவாது. டீசல் எஞ்சின் வேறு ரகம். அதில் தீப்பொறி கிடையாது. காற்றை இறுக்கி இறுக்கி அனலாக்கி, அந்த அனலில் எண்ணெயைப் பீய்ச்சுகிறார்கள். அது தானே பற்றிக்கொள்கிறது. அதனால்தான் டீசல் எஞ்சினுக்குத் தாவர எண்ணெய் அந்நியமன்று.

இது புதிய கண்டுபிடிப்பும் அன்று. 1900ஆம் ஆண்டு பாரிஸ் மாநகரில் நடந்த உலகப் பொருட்காட்சியிலேயே ஒரு சிறிய டீசல் எஞ்சினை நிலக்கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். அந்த எஞ்சினுக்குத் தம் பெயரையே தந்த ருடால்ஃப் டீசல் அதைப் பற்றிப் பின்னாளில் எழுதியும் இருக்கிறார். 1938இல் பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸ் நகருக்கும் லூவன் நகருக்கும் இடையே ஒரு பேருந்து ஓடியது. அதன் எரிபொருள், காங்கோவின் செம்பனை எண்ணெயைச் சாராயத்தோடு சேர்த்து மாற்றிய திரவம். செம்பனைக்கும் பேருந்துக்கும் உறவு ஏற்பட்டு எண்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது என்று கொள்ளலாம்.

நம் நாட்டுக் கதை 1917இல் தொடங்குகிறது. சிலாங்கூரில் ஹென்றி ஃபோகோன்னியே என்ற பிரெஞ்சுக்காரர் முதன்முதலாக வாணிபத்துக்கென்று செம்பனை நட்ட தோட்டத்தின் பெயர் தென்னமரம் தோட்டம். பெயரில் தென்னை, மண்ணில் செம்பனை! 1979இல் செம்பனை எண்ணெய் ஆய்வுக் கழகம் தோன்றியது. போரிம் என்று பலர் அறிவார்கள். 1980களில் அந்தக் கழகம் செம்பனை எண்ணெயை டீசலுக்கு நிகரான எரிபொருளாக மாற்றும் சோதனை ஆலையை அமைத்தது. பிறகு முப்பதுக்கும் மேற்பட்ட பயணிகள் பேருந்துகளில் அதை ஊற்றி ஓட்டிப் பார்த்தார்கள். சிலவற்றில் வெறும் டீசல், சிலவற்றில் பாதிக்குப் பாதி, சிலவற்றில் முழுதும் செம்பனை எரிபொருள். ஒவ்வொரு பேருந்தும் 300,000 கிலோமீட்டர் வரை ஓடியது. எஞ்சின்கள் தாங்கின.

இன்னொரு செய்தி பலருக்கு வியப்பாக இருக்கும். 2006இல் தேசிய உயிர்எரிபொருள் கொள்கை வந்தபோது, சமையல் எண்ணெய் வகையைச் சேர்ந்த பாமோலினையே நேராக நூற்றுக்கு ஐந்து பங்கு டீசலில் கலந்து விற்கலாம் என்று முதலில் நினைத்தார்கள். எஞ்சின் தயாரிப்பாளர்கள் ஒப்பவில்லை. பச்சை எண்ணெய் எஞ்சினுக்குள் கரியாகப் படியும் என்றார்கள். அந்தத் திட்டம் கைவிடப்பட்டு, மாற்றம் செய்த எரிபொருளைத்தான் கலப்பது என்று முடிவாயிற்று. 2011இல் நூற்றுக்கு ஐந்து பங்கு கலந்த டீசல் விற்பனைக்கு வந்தது. பிறகு ஏழு பங்கு. 2019இல் பத்துப் பங்கு. ஆக, பம்பில் டீசல் ஊற்றும் லோரிக்காரர் தமக்கே தெரியாமல் செம்பனை எண்ணெயிலும் ஓட்டிக்கொண்டிருக்கிறார். பத்துப் பங்கு கலந்த டீசல் என்றால் நூறு லிட்டரில் பத்து லிட்டர் நம் தோட்டத்துச் சரக்கு!

இந்த 2006ஆம் ஆண்டு நிகழ்ச்சியில் நமக்கொரு பாடம் இருக்கிறது. அரசாங்கமும் பெரிய நிறுவனங்களும் ஐந்து பங்கு கலக்கவே தயங்கிய பச்சை எண்ணெயை, நம் ஆட்கள் சிலர் பாதி டாங்க் நிறைய ஊற்றிப் பார்க்கிறார்கள். முதல் வாரம் வண்டி நன்றாகவே ஓடும். புகையில் வடை சுட்ட வாசனைகூட வரும். கோளாறு பின்னால் வருகிறது. சமையல் எண்ணெய் டீசலைவிடப் பத்து மடங்கு கெட்டி. எஞ்சினுக்குள் எரிபொருளைப் பனித்தூவலாகப் பீய்ச்சும் மூக்குகள் உண்டு. கெட்டியான எண்ணெய் பனியாகத் தூவாமல் துளியாக விழும். துளி முழுதும் எரியாது. மூக்கில் கரி கட்டும், பிஸ்டன் வளையங்கள் ஒட்டிக்கொள்ளும், எரியாத எண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் எண்ணெயையும் கெடுக்கும். மண்ணெண்ணெயோ தின்னரோ கலந்தால் சரியாகிவிடும் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். கெட்டித்தன்மை குறையும், கரி குறையாது. இரண்டு டாங்க் வைத்து, டீசலில் ஸ்டார்ட் செய்து, எண்ணெயை எஞ்சின் சூட்டிலேயே காய்ச்சி இளக்கிப் பின் திருப்பிவிடும் முறை மேல்நாடுகளில் உண்டு. நுட்பம் தெரிந்தவர் கையில், பழைய காலத்து எஞ்சினில், அது ஓரளவு பயன் தரும். இக்காலத்து நான்குசக்கர வண்டிகளின் நுண்ணிய பம்புகளுக்கு அது ஆகவே ஆகாது.

சரி, மாற்றம் செய்த எரிபொருள் என்கிறோமே, அது எப்படி நடக்கிறது?

எண்ணெய் என்பது கிளிசரின் என்ற முதுகெலும்பில் மூன்று நீண்ட கொழுப்பு வால்கள் தொங்கும் பொருள். அந்த வால்களை அறுத்து, ஒவ்வொன்றிலும் மெத்தனால் என்ற ஒருவகைச் சாராயத்தை ஒட்டவைத்தால், டீசலைப் போலவே இளகிய திரவம் கிடைக்கிறது. கிளிசரின் தனியே அடியில் தங்குகிறது. அறுப்பதற்குக் கத்தியாக நிற்பது காஸ்டிக் சோடா. புதிய எண்ணெய் ஒரு லிட்டருக்கு 200 மில்லிலிட்டர் மெத்தனாலும் மூன்றரை கிராம் காஸ்டிக் சோடாவும் என்பது வழக்கமான கணக்கு. எண்ணெயில் துளித் தண்ணீரும் இருக்கலாகாது. அதை 55 பாகைச் சூட்டில் வைத்து, மெத்தனாலில் கரைத்த சோடாவைச் சேர்த்து, ஒரு மணி நேரம் விடாமல் கலக்கவேண்டும். மெத்தனால் 65 பாகைக்குள் கொதித்து ஆவியாகிவிடும் என்பதால் சூடு அதற்கு மேல் போகலாகாது. இரவு முழுதும் தெளியவிட்டால் கறுத்த கிளிசரின் அடியில் இறங்கும். மேலே நிற்பதைத் தண்ணீரால் மெல்லக் கழுவி, மிஞ்சிய சோடாவையும் சவர்க்காரத்தையும் நீக்கி, ஈரம் போகக் காயவைத்தால் எரிபொருள் தயார். நூறு லிட்டர் எண்ணெய்க்கு ஏறக்குறைய நூறு லிட்டர் கிடைக்கும்.

பொரித்த பழைய எண்ணெயாக இருந்தால் கணக்கு மாறும். திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் புளிப்பு ஏறியிருக்கும். அந்தப் புளிப்பு முதலில் சோடாவைத் தின்றுவிடும். எவ்வளவு தின்னும் என்பதைச் சொட்டு சொட்டாக அளந்து பார்க்கும் சோதனை ஒன்று உண்டு; இடைநிலைப்பள்ளியில் வேதியியல் படிக்கும் பிள்ளைகளைக் கேட்டால் செய்து காட்டுவார்கள். அந்தச் சோதனையில்லாமல் குத்துமதிப்பாகச் சோடாவைக் கொட்டினால், எரிபொருளுக்குப் பதில் ஒரு டிரம் நிறையச் சவர்க்காரக் கூழ்தான் மிஞ்சும்.

இதுவரை சொன்னது சமையற்குறிப்பு போலத் தோன்றலாம். உண்மையில் இதன் அபாயம் மெத்தனாலில் இருக்கிறது. அதைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச விரும்புகிறோம்.

2018ஆம் ஆண்டு செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் போலி மதுபானம் அருந்தி முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அந்தப் பானத்தில் இருந்த நஞ்சு மெத்தனால்தான். பார்வைக்கும் வாசனைக்கும் அது சாதாரணச் சாராயம் போலவே இருக்கும். சம்சுவின் கொடுமையை நம் தோட்டங்கள் தலைமுறை தலைமுறையாக அறியும். அப்படிப்பட்ட இடத்தில், வீட்டின் பின்புறத்தில் 20 லிட்டர் மெத்தனால் டிரம் இருக்கிறது என்ற செய்தி பரவினால் என்ன நடக்கும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. குடித்தவுடன் ஒன்றும் தெரியாது. அரைநாள் ஒருநாள் கழித்தே தலைவலி, வாந்தி, கண் மங்கல் வரும். போதை தெளியவில்லை என்று எண்ணித் தூங்கவிட்டவர்கள் பார்வையையும் உயிரையும் இழந்திருக்கிறார்கள். கண்ணில் பனிமூட்டம் போல் தெரிகிறது என்று யாராவது சொன்னால், நேரம் பாராமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோய், என்ன குடித்தார் என்பதை வெட்கமில்லாமல் மருத்துவரிடம் சொல்லிவிடவேண்டும். மருந்து உண்டு, நேரத்தோடு போனால் பலன் தரும்.

குடிக்காமலும் கெடுதி உண்டு. அதன் ஆவி மூச்சு வழியாகவும், திரவம் தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். பகல் வெளிச்சத்தில் அதன் தீ கண்ணுக்கே தெரியாது. கேஸ் அடுப்பில் எண்ணெயைக் காய்ச்சிக்கொண்டே பக்கத்தில் மெத்தனாலை ஊற்றுவது, அதுவும் சுவரோடு சுவர் ஒட்டிய பலகை லயன் வீடுகளில், எத்தனை குடும்பங்களைப் பணயம் வைப்பது என்று எண்ணிப் பாருங்கள். காஸ்டிக் சோடா கண்ணில் தெறித்தால் கண் போகும். அலுமினியச் சட்டியில் போட்டால் சட்டியையே அரித்து, தீப்பற்றும் வாயுவைக் கிளப்பும்.

செலவுக் கணக்கையும் பார்த்துவிடுவோம். போத்தல் எண்ணெயை வாங்கி எரிபொருளாக்கினால் டீசலைவிட அதிகம் செலவாகும். உதவித்தொகையோடு கிலோ 2 வெள்ளி 50 காசுக்குக் கிடைக்கும் பாக்கெட் எண்ணெய், ஏழைக் குடும்பத்தின் குழம்புக்கும் பொரியலுக்கும் என்று ஒதுக்கப்பட்டது. அதை வேறு தொழிலுக்குத் திருப்புவது சட்டப்படி குற்றம். மிஞ்சுவது பழைய எண்ணெய். ஒரு வீட்டில் வாரத்துக்குக் கால் லிட்டர் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். நாளுக்குப் பத்து லிட்டர் குடிக்கும் லோரிக்கு வாரம் ஆறு நாளில் 60 லிட்டர் வேண்டும். அதற்கு 240 வீடுகள்! தீபாவளி வாரத்தில் முறுக்குச் சட்டிகளெல்லாம் சேர்ந்தால்கூடத் தேறாது. ஆக, சாப்பாட்டுக் கடைகளிலிருந்து வாங்கவேண்டும்; அங்கோ பழைய எண்ணெய் வணிகர்கள் ஏற்கெனவே விலை பேசி வைத்திருக்கிறார்கள்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. 2007ஆம் ஆண்டின் உயிர்எரிபொருள் தொழில் சட்டப்படி உரிமம் இல்லாமல் இத்தொழிலை நடத்த முடியாது. நாலு பேருக்கு விற்றுப் பார்ப்போம் என்று தொடங்குபவர்கள் இதை நினைவில் வைக்கவேண்டும்.

அப்படியானால் இந்த அறிவு வீணா? வீணில்லை. நம் பிள்ளைகள் தொழிற்கல்லூரிக்கும் தொழிற்பள்ளிக்கும் போகிறார்கள். அங்கே கண்ணாடிக் கலமும், கையுறையும், காற்றோட்டமுள்ள பட்டறையும், மேற்பார்க்க ஆசிரியரும் உண்டு. ஒரு லிட்டர் எண்ணெயை அங்கே மாற்றிப் பார்ப்பது நல்ல பாடம். தண்ணீர் இறைக்கும் பழைய ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின் ஒன்றில் ஓட்டிப் பார்த்தால் பிள்ளைகளுக்கு இன்னும் ஆர்வம் வரும். செம்பனைத் தொழிலில் குலை வெட்டுவதோடு நம் பங்கு முடிந்துவிடவேண்டுமா என்ன? இந்நாட்டில் உயிர்எரிபொருள் ஆலைகள் இருக்கின்றன. சோதனைக்கூடத்துக்கும் கொதிகலனுக்கும் ஆள் வேண்டியிருக்கிறது. வீட்டில் டிரம் வைப்பதைவிட, பிள்ளையை அந்த வேலைக்குத் தகுதியாக்குவதே லாபம் என்பது எங்கள் எண்ணம்.

பழைய டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. செம்பனை எரிபொருள் டாங்கில் நெடுநாள் படிந்த அழுக்கைக் கரைத்துக்கொண்டு வரும். கலப்பு கூடக்கூட வடிகட்டியை அடிக்கடி பார்த்து மாற்றவேண்டும். பழைய வண்டிகளில் இயற்கை ரப்பர் குழாய் இருந்தால் அது ஊறி இளகிப் போகும். பால்மரத்து ரப்பருக்கும் செம்பனை எரிபொருளுக்கும் ஒத்துவருவதில்லை! கேமரன் மலைப் பக்கம் காய்கறி ஏற்றப் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். கலப்பில்லாத செம்பனை எரிபொருள் 15 பாகைக் குளிரிலேயே உறையத் தொடங்கும். மலையில் இரவு அந்த அளவுக்குக் குளிர்வதுண்டு.

இனி, அடுப்படியில் மிஞ்சும் எண்ணெய். அதைச் சாக்கடையில் ஊற்றினால் கட்டிபிடித்து அடைக்கும். மறுபடி மறுபடி பொரிக்கப் பயன்படுத்தினால் உடம்புக்குக் கேடு. ஆறவைத்து, துணியில் வடிகட்டி, காலிப் போத்தலில் சேர்த்து வையுங்கள். நாலைந்து வீடுகள் சேர்ந்து ஒரு டின்னில் சேர்த்தால் பழைய எண்ணெய் வாங்குபவர் வந்து எடை போட்டுக் காசு தருவார். அந்த எண்ணெய்தான் உரிமம் பெற்ற ஆலைகளில் வண்டிக்கு எரிபொருளாகிறது, வெளிநாட்டுக்கும் போகிறது. டின்னில் மழைத்தண்ணீர் இறங்காமல் மூடி வையுங்கள். தண்ணீர் கலந்த எண்ணெயை அவர் கழித்துத்தான் எடை போடுவார்.