மணிநாவைக் கட்டிய தேரும் திரை தொங்கும் வானூர்தியும்



தமிழில் பயண இலக்கியத்திற்குப் பஞ்சமில்லை. உலகம் சுற்றிய ஏ.கே. செட்டியார் முதல், ஜப்பானைக் கண்டு 'உதயசூரியன்' எழுதிய தி. ஜானகிராமன் வரை, கடல் கடந்து சென்று கண்டதைக் கண்டவாறு எழுதிய கைகள் பல. எனினும் அப்பயண நூல்களைத் தொகுத்து நோக்கும்போது ஓர் உண்மை புலப்படும். புறப்பாட்டிற்குப் பல பக்கங்கள் உண்டு. கண்ட ஊர்களுக்கு இயல்கள் உண்டு. ஆனால் வீடு திரும்பும் வழிக்குப் பெரும்பாலும் ஒற்றை வரியே உண்டு. "விமானம் ஏறி ஊர் வந்து சேர்ந்தோம்" என்ற அளவில் அது முடிந்துவிடுகிறது. திரும்புதல் என்பது எழுதுவதற்குரிய பொருளே அன்று என்பதுபோல் ஒரு மௌனம் நிலவுகிறது.

மீட்சியைப் பாடிய மரபு

இம்மௌனம் தமிழ் மரபுக்கு உரியதன்று. மீட்சிக்கென்றே ஒரு திணையை வகுத்துக் கொண்ட மொழி தமிழ். வினைமேற் சென்றவன் கார்காலத்தில் மீள்வதும், அவன் மீளும்வரை அவள் ஆற்றியிருப்பதுமே முல்லை. ஐங்குறுநூற்றில் முல்லை பாடிய பேயனார், தம் நூறு பாட்டுகளில் தேரை விரைந்து செலுத்துமாறு ஏவுவதற்கென்று ஒரு பத்தும், மீண்டு வந்ததன் சிறப்பைச் சொல்வதற்கென்று ஒரு பத்தும் ஒதுக்கியுள்ளார். சென்ற நாட்டின் அழகை அவர் விரித்துரைக்கவில்லை. அவருடைய கண் தேரின் மீதும், அத்தேர் வந்து நிற்கப்போகும் வாயிலின் மீதும் உள்ளது.

அவ்வாறாயின் தேருக்குப் பதிலாக வானூர்தி வந்துவிட்ட இக்காலத்தில் முல்லை எங்கே போயிற்று? இவ்வினாவிற்கு விடை தேட ஏற்ற இடம் ஒன்று உண்டு. விடுமுறையை வெளிநாட்டில் கழித்துவிட்டு 'பிசினஸ் கிளாஸ்' எனப்படும் வணிக வகுப்பில் அமர்ந்து வீடு திரும்பும் பயணியின் இருக்கையே அது.

வகுப்புகள் பிறந்த கதை

தமிழர் அறிந்த நெடும்பயணங்களில் வகுப்புப் பிரிவு வானூர்தியோடு தோன்றியதன்று. சென்னைக்கும் நாகப்பட்டினத்திற்கும் பினாங்கிற்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய 'ரஜுலா' என்னும் கப்பல் 1926இல் கட்டப்பட்டது. 1970களின் தொடக்கம்வரை ஓடியது. அதில் அறைப் பயணிகள் சிலர். திறந்த தளத்தில் பாய் விரித்துப் படுத்தோர் பல்லாயிரவர். அதன்பின் ஓடிய 'சிதம்பரம்' கப்பல் 1985இல் தீ விபத்துக்குள்ளானது. அத்தோடு அக்கடல்வழியும் பழங்கதையாயிற்று. மேல்தளத்தாரும் அறையாரும் ஒரே கடலைப் பார்த்தனர். ஒரே அலையில் ஆடினர். உறக்கம் மட்டுமே வேறு.

வானூர்தியில் வகுப்புகள் பெருகிய வரலாறு சுவையானது. தொடக்கக் காலத்தில் வானில் பறத்தலே செல்வர்க்கு உரியதாக இருந்தது. அட்லாண்டிக் கடலைக் கடக்கும் வழியில் 1952இல் சுற்றுலாக் கட்டணமும், 1958இல் சிக்கன வகுப்பும் வந்தன. 1970களில் பேருருவ விமானங்கள் பெருகியபோது, இருக்கைகளை நிரப்புவதற்காகத் தள்ளுபடிக் கட்டணங்கள் பெருகின. அப்போது ஒரு குறை எழுந்தது. முழுக் கட்டணம் செலுத்திய வணிகர், பாதிக் கட்டணம் செலுத்திய சுற்றுலாப் பயணியின் பக்கத்தில் அமர்ந்து, அதே உணவை உண்ண வேண்டியிருந்தது. அக்குறையைத் தீர்க்க நிறுவனங்கள் முதல் வகுப்பிற்கும் சிக்கன வகுப்பிற்கும் இடையில் ஒரு பகுதியைத் தடுத்தன. 1979இல் ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் நிறுவனம் அதனைப் 'பிசினஸ் கிளாஸ்' என்றே பெயரிட்டு விற்றது. 2000ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் நிறுவனம் அவ்வகுப்பின் இருக்கையை முழுதும் சமமாக விரியும் படுக்கையாக்கியது.

வணிகருக்காகப் பிறந்த அவ்வகுப்பிற்குள் விடுமுறைக் குடும்பம் நுழைந்த வழியும் உண்டு. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981இல் தொடங்கிய திட்டத்தைப் பின்பற்றி, பறந்த தொலைவைப் புள்ளிகளாகச் சேர்த்துத் தரும் வழக்கம் உலகெங்கும் பரவியது. ஆண்டு முழுதும் அலுவலகப் பணிக்காகப் பறந்து சேர்த்த புள்ளிகளைக் கொடுத்துக் குடும்பத்தோடு முன்பகுதியில் அமர்ந்து திரும்புவோர் பலர். பிரிந்திருந்த நாட்களே சேர்ந்து பறக்கும் இருக்கைகளாக மாறுகின்றன. இதில் ஒரு கவிதை இருக்கிறது என்பதைக் கவிஞர்கள் கருதிப் பார்க்கலாம்.

திரைக்கு இருபுறமும்

சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வரும் இரவு விமானம் ஒன்றை எண்ணிக் கொள்வோம். தொலைவு ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். பறக்கும் நேரம் நான்கு மணி. சிங்கப்பூர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி முந்தியது ஆதலின், இரவு 9 மணிக்குப் புறப்பட்டவர் சென்னைக் கணக்கில் 10.30 மணிக்கு இறங்கிவிடுவார். செல்லும்போது இழந்த இரண்டரை மணியை, திரும்பும் வழி அப்படியே கையில் கொடுத்துவிடுகிறது.

விமானம் மேலெழுந்து நிலைகொண்டதும் முன்பகுதிக்கும் பின்பகுதிக்கும் இடையே ஒரு துணித்திரை இழுக்கப்படுகிறது. திரைக்கு முன்னே வெந்நீரில் நனைத்த துவாலையும், பீங்கான் தட்டில் உணவும், கால் நீட்டிப் படுக்க இடமும் கிடைக்கின்றன. திரைக்குப் பின்னே ஓர் இருக்கைக்கும் அடுத்த இருக்கைக்கும் உள்ள இடைவெளி ஏறத்தாழ 31 அங்குலம். அவ்வளவில் நான்கு மணி நேரம் முழங்கால் முட்ட அமர்ந்திருக்க வேண்டும்.

எனினும் திரை பிரிக்க முடியாதவை பல. விமானத்திற்குள் காற்றழுத்தம் ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயரத்தில் உள்ள மலையின் காற்றழுத்தத்தை ஒத்தது. கொடைக்கானலில் மூச்சு விடுவது போன்றது அது. இருபுறத்தார்க்கும் அதே காற்று. ஈரப்பதம் பெரும்பாலும் 20 விழுக்காட்டிற்கும் குறைவு; இருபுறத்தார்க்கும் உதடு உலர்கிறது. அந்நிலையில் உப்பும் இனிப்பும் நாவிற்குக் குறைவாகவே உறைப்பதால், பீங்கான் தட்டில் உண்பவரும் முழுச்சுவை அறிவதில்லை. இவை எல்லாவற்றினும் பெரிய உண்மை ஒன்று உண்டு. இருபுறத்தாரும் ஒரே கணத்தில்தான் தரையைத் தொடுகின்றனர். கூடுதல் கட்டணம் இடத்தை விரிக்கும், காலத்தைச் சுருக்காது. வானூர்தியை ஒரு நிமிடமேனும் விரைவுபடுத்த முன்னிருக்கைப் பயணியால் இயலாது. முல்லைத் தலைவன் வேண்டியதோ அந்த விரைவு ஒன்றை மட்டுமே.

பெயர்கள் இடம் மாறி நிற்பதையும் இங்கே நோக்குதல் தகும். தொல்காப்பியர் பிரிவிற்குரிய காரணங்களை வகுத்துரைத்தார். ஓதல், தூது, பகை, பொருள் முதலியன அவற்றுள் அடங்கும். இன்பச்சுற்றுலா அவற்றுள் இல்லை. வணிக வகுப்பில் இருப்பவர் இன்பத்திற்காகச் சென்று மீள்பவர். பொருள்வயிற் பிரிந்து சென்று மீள்பவரோ சிக்கன வகுப்பில் இருக்கிறார். 'வணிகம்' என்னும் பெயர் முன்னே தொங்குகிறது. பொருளின் பொருட்டுப் பட்ட பாடு பின்னே அமர்ந்திருக்கிறது.

முன்னிருப்பவர் மனைவி மக்களோடு சென்றவர்; அவர்களோடே திரும்புகிறார். அவர் வீடு பூட்டிக் கிடக்கிறது. வாயிலில் ஆற்றியிருப்பார் யாருமில்லை. அவரை எதிர்நோக்குவது திங்கட்கிழமை அலுவலகமும் வாடிய செடிகளுமே. பின்னிருப்பவர் புதுக்கோட்டைப் பகுதியிலோ தஞ்சைப் பகுதியிலோ ஒரு சிற்றூரைச் சேர்ந்தவர். இரண்டாண்டு ஒப்பந்தம் முடித்துத் திரும்பும் கட்டடத் தொழிலாளி. அவர் பெட்டியில் கோடாலித் தைலமும் சாக்லேட்டும் போர்வையும் இருக்கின்றன. கைப்பேசித் திரையில் மட்டுமே கண்ட குழந்தையை முதன்முறை தூக்கப் போகிறார். மீனம்பாக்கத்தில் இறங்கியபின் அவருக்குப் பேருந்தில் இன்னும் ஓர் இரவுப் பயணம் இருக்கிறது. அவருடைய வாயிலில் விளக்கு எரிகிறது. முல்லை எங்கே போயிற்று என்ற வினாவிற்கு இங்கே விடை கிடைக்கிறது. அது திரைக்குப் பின்னே அமர்ந்திருக்கிறது.

வாங்கிய அமைதியும் வழங்கிய அமைதியும்

இவ்வாறு கூறுவதால் வசதி குற்றமென்று கொள்ளலாகாது. நெடுநேரம் அசையாது அமர்ந்திருந்தால் கால் வீங்கும். சிலருக்குக் காலின் உட்குழாய்களில் குருதி உறைதலும் நேரும். மூட்டு நோயுற்ற முதிய தாயைப் படுக்க வைத்து அழைத்து வரும் மகனின் செலவு ஆரவாரமன்று, அது கடமை. வினாவிற்கு உரியது வசதியன்று. அவ்வசதி தன்னோடு கொண்டுவரும் மறதியே.

வணிக வகுப்பில் விற்கப்படும் பொருள்களுள் தலையாயது அமைதி. குழந்தையின் அழுகையும் கூட்டத்தின் பேச்சும் எட்டாதிருக்க வேண்டும் என்பதற்காகவே திரை. பிறரிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ளும் அமைதி அது. அகநானூற்றின் நான்காம் பாட்டில், குறுங்குடி மருதனார் வேறோர் அமைதியைக் காட்டுகிறார். தலைவன் வருவான் என்று தோழி தலைவியைத் தேற்றுகிறாள். அவன் தேரில் விரைந்து வருகிறான். வழியிலோ பூத்த சோலை. அதில் வண்டுகள் தத்தம் துணையோடு தங்கியுள்ளன. தேர்மணியின் ஒலி அவற்றைக் கலைத்துவிடுமே என்று அஞ்சி, மணியின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான் அத்தலைவன். தன் துணையைக் காணும் வேட்கை, பிற உயிர்களின் துணைமையையும் அவனை எண்ண வைத்தது. திரை தன் உறக்கத்தைக் காக்கிறது. கட்டிய மணியோ பிறர் உறக்கத்தைக் காக்கிறது. அமைதி என்னும் சொல் ஒன்றே. அது செல்லும் திசை வேறு.

மற்றொரு பாட்டும் நினைவிற்கு வருகிறது. அகநானூற்றின் 384ஆம் பாட்டில் ஒக்கூர் மாசாத்தியார் பாடும் தலைவன், தேரில் ஏறியதை அறிவான்; வழி கடந்ததை அறியான். தேரில் பூட்டியது காற்றையோ, குதிரை வடிவு கொண்ட உன் மனத்தையோ என்று வலவனைக் கேட்டு, அவனைத் தழுவி, தன் இல்லத்திற்குள் அழைத்துச் செல்கிறான். காத்திருந்த தலைவி விருந்தோம்பும் பேறு பெறுகிறாள். வீடு சேர்த்தவனை வீட்டிற்குள் சேர்த்துக்கொண்ட மீட்சி அது. பெண்பாற் புலவர் ஒருவர் இதனைப் பாடியிருப்பதில் வியப்பில்லை. வரவேற்கும் வாயிலின் உள்ளிருந்து கண்ட காட்சி அல்லவா!

2001ஆம் ஆண்டு செப்டம்பர் நிகழ்ச்சிக்குப்பின் விமானியின் அறைக்கதவு வலுப்படுத்தப்பட்டுப் பறக்கும் நேரத்தில் பூட்டப்படுகிறது. பாதுகாப்பிற்கு அது தேவையே. ஆயினும் இன்றைய பயணி தன் வலவனின் முகத்தைக் காண்பது அரிது. குரலை மட்டுமே கேட்கிறான். உணவு தந்த பணிப்பெண்ணின் முகத்தையாவது நினைவிற் கொள்கிறோமா? அவளும் தன் வீட்டிற்குத் திரும்ப வேண்டியவள். பயணியின் மீட்சி முடியும் இடத்தில் அவளுடைய பணி முடிவதில்லை. விமானத்தோடு மீண்டும் திரும்பிச் செல்லும் கடன் அவளுக்கு இருக்கிறது.

கவிஞர் கடன்

இவற்றால் பெறப்படுவது யாது? திணை என்பது நிலமும் பொழுதும் மட்டுமன்று. ஒருவர் வரவை மற்றொருவர் எண்ணியிருக்கும் நிலையே முல்லையின் உயிர். காடு போய்க் கட்டடம் வந்தாலும், தேர் போய் வானூர்தி வந்தாலும், அவ்வுயிர் போகவில்லை. அதனைப் பாடுவோர்தாம் குறைந்துவிட்டனர். வணிக வகுப்பை எள்ளிப் பாடுதல் எளிது. கட்டடத் தொழிலாளிக்காகக் கண்ணீர் வடித்துப் பாடுதல் அதனினும் எளிது. இருவரையும் ஒரே பாட்டில் வீடு சேர்த்தல் அரிது. முன்னிருப்பவருக்கும் மீட்சி வேண்டும். விடுமுறையில் பக்கத்திலேயே இருந்த மனைவியிடமும் மக்களிடமும் அவர் உண்மையில் வந்து சேர்ந்தாரா என்பது கேட்கத்தக்க வினா. உடன் பயணம் செய்தும் வந்து சேராதார் உளர். கடல் கடந்திருந்தும் இல்லத்தை விட்டு நீங்காதார் உளர்.

விமானப் பயண விதி ஒன்றைக் கவிஞர்கள் மனத்திற்கொள்ள வேண்டும். வானில் ஏறும்போதும் தரையில் இறங்கும்போதும் அத்திரையை விலக்கிக் கட்டிவிட வேண்டும். இடர் நேர்ந்தால் எல்லோரும் எல்லா வழியாகவும் வெளியேற வேண்டும் என்பதே காரணம். சென்னையின் விளக்குகள் சன்னலில் தெரியத் தொடங்கும் நேரத்தில், முன்னிருந்து பின்வரை விமானம் ஒரே கூடமாகிவிடுகிறது. படுக்கைகள் நிமிர்த்தப்படுகின்றன. முன்னிருப்பவரும் பின்னிருப்பவரும் ஒரே விளக்கொளியைப் பார்க்கின்றனர். அந்தச் சில நிமிடங்களை எழுதத் தமிழில் ஒரு பாட்டு இன்னும் தேவைப்படுகிறது. பத்தாண்டு நிறைவுற்ற இவ்வட்டத்தின் கவிஞர்கள் அதனை எழுதுவார்களாக.