எல்லைப்புறப் பெண்களும் கைப்பேசியும்



தேவிகுளம், பீர்மேடு வட்டங்களின் தேயிலைத் தோட்டங்களிலும் சித்தூர் வட்டத்துச் சிற்றூர்களிலும் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. கணவனின் கொடுமைக்கு ஆளாகும் பெண்ணுக்குப் போடிநாயக்கனூரிலோ பொள்ளாச்சியிலோ தாய்வீடு இருக்கக்கூடும். ஆயின் அவளது கைப்பேசியின் கடவுச்சொல்லை அவன் அறிந்திருப்பின், புறப்படுமுன்னரே செய்தி அவனை எட்டிவிடும். இருப்பிடங்காட்டும் வசதியைத் திடீரென நிறுத்துவதும் ஐயத்தைக் கிளப்பும். 181 என்னும் மகளிர் உதவி எண்ணை நம்பத்தக்க ஒருவரின் கைப்பேசியிலிருந்து அழைப்பதே நலம். தன்னுடையதில் அழைத்தால் அவ்வெண் பதிவாகி நிற்குமன்றோ? ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களையும் முன்கூட்டியே அவரிடம் ஒப்படைத்தல் வேண்டும்.

எல்லை கடந்தால் வழக்குத் தொடர இயலாதென அஞ்ச வேண்டியதில்லை. 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையிலுள்ள குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 27ஆம் பிரிவுப்படி, தற்காலிகமாகத் தங்கும் ஊரின் குற்றவியல் நடுவரிடமும் மனுச் செய்யலாம். அவரது ஆணை இந்தியா முழுவதும் செல்லும். கணவனுடன் வாழ்ந்த லயத்து வீடு அவன் பெயரில் இருப்பினும், அங்கு வாழும் உரிமையை 17ஆம் பிரிவு அவளுக்கு அளிக்கிறது.

அலுவலர்கள் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். மனுவிற் கண்ட எண் கணவன் கையிலிருப்பின், அலுவலகம் அனுப்பும் குறுஞ்செய்தியே அவளைக் காட்டிக்கொடுத்துவிடும். மாற்று எண்ணைக் கேட்டுப் பெற்ற பின்னரே மனுவைப் பதிவு செய்க.