பள்ளி அங்கீகாரம்: வழக்குகள் கற்பிக்கும் பாடம்

(கல்வித்துறை அலுவலர்களும் மாணவர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரை)



தனியார் பள்ளியைத் தொடங்குவோர் கட்டடம் எழுப்பலாம், ஆசிரியர்களை அமர்த்தலாம். ஆனால் அரசின் அங்கீகாரம் இல்லையேல், அங்குப் பயிலும் பிள்ளையின் படிப்புக்கு வெளியே மதிப்பில்லை. பொதுத் தேர்வும் மேற்படிப்பும் அரசுப் பணியும் அந்த ஓர் ஆணையைச் சார்ந்தே நிற்கின்றன. ஆதலால்தான் இப்பொருள் பற்றிய வழக்குகள் இடையறாது நீதிமன்றங்களை நாடி வருகின்றன.

இவற்றுள் முதலில் நினைக்கத்தக்கது 1957-ஆம் ஆண்டின் கேரளக் கல்வி மசோதா. குடியரசுத் தலைவர் அதனை உச்ச நீதிமன்றத்தின் கருத்துக்கு அனுப்பினார். மானியம் பெறாமல் அங்கீகாரம் மட்டுமே கோரும் பள்ளிகளும் தொடக்க வகுப்புகளில் கட்டணம் வாங்கலாகாது என்று மசோதா விதித்திருந்தது. 1958-இல் நீதிமன்றம் தந்த விடை இரு பக்கங்களையும் எடைபோட்டது. அங்கீகாரம் பெறுவது அடிப்படை உரிமையன்று. எனினும், சிறுபான்மையினர் தம் நிர்வாக உரிமையைக் கைவிட்டால்தான் அங்கீகாரம் என்பது, அரசியலமைப்பின் 30-வது விதியைப் பயனற்றதாக்கும். அதேவேளையில், நிர்வகிக்கும் உரிமை என்பது சீர்கேடாக நிர்வகிக்கும் உரிமையாகாது என்றும் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

அடுத்துக் கருதத்தக்கது மாணவர் நிலை. 1986-இல் ஆந்திரப் பிரதேசத்தில், அங்கீகாரமற்ற ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களின் மாணவர்கள் தேர்வெழுத அனுமதி வேண்டினர். உச்ச நீதிமன்றம் இசையவில்லை. பயிற்சியற்றோரை ஆசிரியராக்குவது நாளைய குழந்தைகளுக்கு இழைக்கும் தீங்கு என்பதே அதன் கருத்து. நியாயமே. ஆயினும், நிர்வாகம் செய்த பிழைக்கு மாணவரே விலை கொடுத்தனர் என்பதையும் மறுப்பதற்கில்லை.

அங்கீகாரம் வெறும் தாளன்று என்பதைத் தமிழ்நாடு பெருந்துயரத்தின் வாயிலாக அறிந்தது. 2004 ஜூலை 16-இல் கும்பகோணத்தில் பள்ளித் தீ விபத்தில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட குழந்தைகள் மாண்டனர். அதையொட்டி எழுந்த வழக்கில், கட்டடத்தின் பாதுகாப்பை உறுதிசெய்த பின்னரே அங்கீகாரம் வழங்க வேண்டுமென 2009-இல் உச்ச நீதிமன்றம் பணித்தது.

2010 ஏப்ரல் முதல் நாளன்று நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் இப்படிப்பினைகளை உள்வாங்கியுள்ளது. அங்கீகாரச் சான்றின்றித் தனியார் பள்ளி நடத்தலாகாது. மீறினால் ஒரு இலட்சம் ரூபாய் வரை அபராதம். தொடர்ந்து நடத்தினால் நாளொன்றுக்குப் பத்தாயிரம். நிபந்தனைகளை மீறிய பள்ளியின் அங்கீகாரத்தை விலக்கிக்கொள்ளுமுன் அதன் விளக்கத்தைக் கேட்டாக வேண்டும். விலக்கும் ஆணையிலேயே, பிள்ளைகள் அருகிலுள்ள எந்தப் பள்ளியில் சேர்க்கப்படுவர் என்பதும் குறிக்கப்பட வேண்டும்.

இக்கடைசிக் கூறே சட்டத்தின் உயிர்நாடி என்பேன். துறைக்கும் நிர்வாகத்துக்குமிடையே வழக்கு ஆண்டுக்கணக்கில் நீளலாம்; பிள்ளையின் ஐந்தாம் வகுப்பு ஓராண்டுதான். ஆகவே அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள்: விண்ணப்பத்தைக் கிடப்பில் போடாதீர்கள். நேரில் சென்று பார்த்து, கல்வியாண்டு தொடங்குமுன் முடிவு கூறுங்கள். மறுப்பதாயின் காரணத்தை எழுதி மறுங்கள். காரணமற்ற ஆணை நீதிமன்றத்தில் நிலைப்பது அரிது. மாணவர்களே, உங்கள் தம்பி தங்கையரைப் பள்ளியில் சேர்க்குமுன், அங்கீகாரச் சான்றையும் அதன் காலவரையறையையும் கேட்டுப் பார்க்குமாறு பெற்றோரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.