வகுப்பறையில் ஒரு மரண ரயில்



மலாக்கா மாநிலத்தின் வடக்கு எல்லையில், தம்பின் நகரையொட்டி, புலாவ் செபாங் என்னும் ஊர் இருக்கிறது. அங்கே இன்றும் இரயில் வந்து நிற்கிறது. ஆனால் மலாக்கா நகருக்கு இரயில் கிடையாது. ஒரு காலத்தில் இருந்தது. தம்பினிலிருந்து மலாக்கா வரை ஓடிய அந்தக் கிளைப்பாதையின் தண்டவாளங்களை ஜப்பானியர் தங்கள் ஆட்சிக் காலத்தில் பெயர்த்தெடுத்து, சயாம்-பர்மா இரயில் பாதை போடக் கொண்டுபோய்விட்டார்கள். தண்டவாளம் போன வழியில் நம் தோட்டத்து மக்களும் போனார்கள். அவர்களில் பல்லாயிரவர் திரும்பி வரவேயில்லை.

அந்த மக்களின் கதையைச் சொல்லும் நாவல்களுள் ஒன்று, ஆர். சண்முகம் எழுதி 1993-இல் வெளிவந்த 'சயாம் மரண ரயில்'. சயாமுக்குக் கொண்டுபோகப்பட்ட தந்தையைத் தேடிப் புறப்பட்டு, தானும் அங்கே சிக்கிக்கொள்ளும் மாயா என்னும் இளைஞனின் கதை அது. இந்நாவலைப் பன்னிரண்டு முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது? மலாக்காவின் தோட்டப்புறங்களிலிருந்தும் பட்டணங்களிலிருந்தும் வந்த பிள்ளைகளோடு இதைப் படித்தபோது நாங்கள் கற்றுக்கொண்டதை இன்று பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

முதலில் நாங்கள் செய்த தவற்றைச் சொல்லிவிடுகிறோம். கரும்பலகையில் ஆண்டுகளையும் எண்களையும் எழுதித் தொடங்கினோம். பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்தது. நேச நாட்டுப் போர்க்கைதிகள் 12,000 பேருக்கு மேல் மாண்டனர். ஆசியத் தொழிலாளர்களில் மாண்டவர் 90,000 பேர் வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். பிள்ளைகள் ஒழுங்காக எழுதிக்கொண்டார்கள். ஒருவர் முகத்திலும் சலனமில்லை. எண்களுக்கு முகம் கிடையாதல்லவா?

மறு வாரம் எண்களை அழித்துவிட்டு, ஒரு கேள்வியை மட்டும் கேட்டோம்: "இன்று இரவு லாரி வந்து உங்களை ஏற்றிப்போகப் போகிறது. ஒரு துணி மூட்டைதான் எடுத்துக்கொள்ளலாம். எதை எடுப்பீர்கள்?" கைப்பேசி என்றான் ஒருவன். சிரிப்பு எழுந்தது. அரிசி என்றாள் ஒருத்தி, சிரிப்பு குறைந்தது. "எங்கள் பாட்டியை எடுத்துப்போக முடியுமா, ஐயா?" என்றான் கடைசி வரிசைப் பையன். வகுப்பு அமைதியாயிற்று. அதன் பிறகே நாவலைத் திறந்தோம்.

முழு நாவலையும் இந்த வயதில் படிக்கவைக்க வேண்டியதில்லை. நான்கைந்து பகுதிகளைத் தேர்ந்தெடுத்து, ஆசிரியரே உரக்க வாசித்தால் போதும். காலரா முகாம்களின் கொடுமையை மறைக்கவும் வேண்டாம். விரித்துச் சொல்லிப் பிள்ளையின் உறக்கத்தைக் கெடுக்கவும் வேண்டாம்.

"அவர்கள் ஏன் ஓடிப்போகவில்லை, ஐயா?" என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். அதற்கு உடனே விடை சொல்லிவிடாதீர்கள். தேசப்படத்தை விரித்து, புலாவ் செபாங்கிலிருந்து வடக்கே ஈப்போ, பாடாங் பெசார், பான் போங் என்று விரலால் தொட்டு வரச் சொல்லுங்கள். அதற்கப்பால் காடு, மொழி தெரியாத நாடு, அடைமழை, நோய். விடை அவர்களுக்கே விளங்கும். எல்லாப் பழியையும் ஓரினத்தின் மேல் போடவும் கற்பிக்கக் கூடாது. ஆள் எண்ணிக்கையை நிரப்பித் தரும்படி தோட்ட நிர்வாகங்களுக்கு உத்தரவு வந்தபோது, பெயர்ப்பட்டியல் எழுதிய கை பல இடங்களில் நம்மவர் கையாகவே இருந்தது. அதையும் பிள்ளைகள் சிந்திக்கட்டும்.

மாயாவை அகதி என்று சொல்லலாமா என்று ஒரு மாணவி கேட்டாள். சட்டப்படி அகதி என்பவர், அச்சுறுத்தலுக்கு அஞ்சி எல்லை தாண்டித் தஞ்சம் தேடுபவர். மாயா அப்படிப் போனவனல்லன். ஆனால் 'கதி' இல்லாதவன் என்பதுதானே அச்சொல்லின் பொருள்? அங்கிருந்து அடுத்த படிக்குப் போனோம். 1978 முதல் 1991 வரை திரெங்கானுவுக்கு அப்பாலுள்ள பீடோங் தீவில், படகேறி வந்த வியட்நாமிய மக்கள் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பேர் தங்கிப் போனார்கள். இன்றும் மியன்மாரிலிருந்து வந்த ரோஹிங்கியாப் பிள்ளைகள் நம் நாட்டில் இருக்கிறார்கள். அரசுப் பள்ளிக் கதவு அவர்களுக்குத் திறப்பதில்லை. மாயாவுக்காகக் கலங்கிய பிள்ளை, சந்தையில் காணும் அந்தப் பிள்ளையைச் சற்று வேறுவிதமாகப் பார்க்கும். இலக்கியப் பாடத்தின் பயன் இதுவன்றி வேறென்ன?

இறுதியாக ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தோம். சயாமுக்குப் போன ஒருவரின் பெயரை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வாருங்கள். சொல்ல விரும்பாதவர்களை வற்புறுத்தாதீர்கள் என்றோம். பலர் வெறுங்கையோடு வந்தார்கள். ஒரு மாணவி மட்டும் ஒரு பெயரோடு வந்தாள். அவள் வீட்டில் தீபாவளிக்கு முதல் நாள் படையலில் ஓர் இலை கூடுதலாகப் போடுவார்களாம். யாருக்கு என்று அவள் கேட்டதேயில்லை. கேட்டபோது பாட்டி சொன்னார்: "என் பெரியப்பாவுக்கு. சயாமுக்குப் போனவர். செத்த தேதி தெரியாது, அதனால் திதி கிடையாது." அந்த வீட்டில் அவர் பெயர் உரக்கச் சொல்லப்பட்டு எத்தனையோ ஆண்டுகள் ஆகியிருந்தன.

காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்கு ஒரு மயானம் உண்டு. ஏறத்தாழ 7,000 வீரர்கள் அங்கே உறங்குகிறார்கள். பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த கல் இருக்கிறது. நம்மவருக்கு அத்தகைய வரிசை இல்லை. தண்டவாளத்தோரக் காட்டில் புதையுண்டார்கள். கல் இல்லாதவர்களுக்குக் கதைதான் கல். அந்த மாணவி கொண்டுவந்த பெயரைக் கரும்பலகையில் அவளையே எழுதச் சொன்னோம். நாங்கள் முதல் நாள் எண்களை எழுதி அழித்த அதே இடத்தில் அவள் எழுதினாள். மணி அடித்த பிறகும் பிள்ளைகள் எழுந்திருக்கவில்லை.

ஆசிரியப் பெருமக்களே, தேர்வில் கேள்வி வருமா என்று பார்க்காமல் இந்நாவலை ஒருமுறை வகுப்பில் வாசித்துப் பாருங்கள். பெற்றோர்களே, உங்கள் பிள்ளை ஒரு பெயரைக் கேட்டு வந்தால், தெரிந்ததைச் சொல்லுங்கள். அப்பெயரை அறிந்த முதியவர்கள் ஆண்டுக்காண்டு குறைந்துகொண்டே வருகிறார்கள்.