சிரட்டையும் சிறு துணியும்

ஒன்றரை வயதுக் குழந்தை விலையுயர்ந்த விளையாட்டுப் பொருளைக் கேட்பதில்லை; பெற்றோரே அதனை விரும்பி வாங்குகின்றனர். குழந்தைக்கோ அடுக்களைப் பொருள்களே போதும்.

பிசிறின்றித் தேய்த்தெடுத்த இரு சிரட்டைகளைக் கொடுத்தால், அது தட்டி ஓசை எழுப்பும். ஒன்றனுள் மற்றொன்றை வைக்கும். நீரை மொண்டு ஊற்றும். பெரிது, சிறிது, நிறைவு, வெறுமை என்பனவற்றை அதன் கைகள் இவ்வாறே அறிகின்றன.

சிரட்டையைத் துணியால் மூடி, "எங்கே?" என வினவினால், குழந்தை துணியை விலக்கித் தேடும். கண்ணுக்கு மறைந்த பொருள் அழிந்துவிடவில்லை என்னும் அறிவு அத்தேடலிலே வெளிப்படுகின்றது. சுவிற்சர்லாந்து உளவியலறிஞர் ஜீன் பியாஜே, தம் பிள்ளைகள் இவ்வாறு தேடுவதைக் கூர்ந்து நோக்கி, 1937 இல் நூலாக வெளியிட்டார்.

எனினும் விழிப்பு வேண்டும். மஞ்சாடி, புளியங்கொட்டை முதலியன மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் மூச்சுக்குழலை அடைத்துவிடக்கூடும். நான்கு விரற்கடை நீரிலும் குழந்தை மூழ்கக்கூடும். ஆதலின் கணமேனும் தனியே விடலாகாது. விளையாட்டு முடிந்தவுடன் நீரைக் கொட்டிவிடல் வேண்டும்.

அருகிருந்து காக்கும் தாயோ தந்தையோ, குழந்தை செய்வதைச் சொல்லிச் சொல்லிப் பேசினால், விளையாட்டோடு மொழியும் வளரும். நாளொன்றுக்குக் கால்மணி நேரமேனும் இதற்கென ஒதுக்குதல் எளிய குடும்பத்துக்கும் இயல்வதே.