மீன் கருவின் கண்ணில் கருமை



சிறுமலை வாழையால் பெயர் பெற்றது நம் திண்டுக்கல். வாழைப்பூவை ஆய்ந்து நறுக்கும் அன்னையர் அதனை உடனே மோரில் இடுவதைக் கண்டிருப்பீர்கள். இட மறந்தால் பூ கறுத்துவிடும். செம்பு அணுக்களைக் கொண்ட ஒரு நொதி, அதாவது என்சைம், காற்றிலுள்ள ஆக்ஸிஜனின் துணைகொண்டு வினைபுரிவதே காரணம். மோரின் புளிப்பு அதனை அடக்குகிறது.

அதற்கு உறவான மற்றொரு செம்பு நொதி டைரோசினேஸ். உயிர்களின் கண்ணுக்குக் கருமை தருவது அதுவே. அதன் வேலையைக் கண்ணாரக் காட்டவல்லது, நம் நாட்டு ஓடைகளிலும் வயல் நீரிலும் வாழும் வரிக்குதிரை மீன். கங்கை மீன்களைப் பற்றிய நூலில் 1822-இல் பிரான்சிஸ் ஹாமில்டன் இதனை விவரித்தார். அமெரிக்காவில் ஓரிகன் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் 1981-இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பின் ஆய்வுக்கூடங்கள் பல இதனை ஏற்றன. முட்டை தாயின் உடலுக்கு வெளியே வளர்கிறது. கண்ணாடி போல் தெளிந்தும் இருக்கிறது. இதைவிட வேறென்ன வேண்டும்?

கருவுற்ற ஒரு நாளில் கண்ணின் கிண்ண வடிவம் அமைந்துவிடும். நிறம் மட்டும் இராது. ஏறக்குறைய அவ்வேளையில் டைரோசினேஸ், டைரோசின் என்னும் அமினோ அமிலத்தை மெலனின் என்னும் கருநிறப் பொருளாக மாற்றத் தொடங்கும். விழித்திரையின் வெளிப்படலத்தில் கரும்புள்ளிகள் தோன்றும். இரண்டாம் நாளில் கண் மிளகு போல் கறுத்துவிடும். கருமை படரும் முன்பே நீரில் பினைல்தயோயூரியா என்னும் வேதிப்பொருளைச் சிறிது சேர்த்தால் நொதி முடங்கும். கரு வளரும், கண் வெளுத்தே இருக்கும். வாழைப்பூவுக்கு மோர் செய்த வேலைதான்!

மனிதருக்கும் இந்நொதி உண்டு. அதனை ஆக்கும் மரபணு பழுதுற்றால் குழந்தை வெண்தோலும் வெண்முடியுமாய்ப் பிறக்கும். குறை நிறத்தோடு நிற்பதன்று. கருவிலேயே மெலனின் இல்லாமையால் விழித்திரையின் நடுக்குழி செவ்வனே அமைவதில்லை. மூளைக்குச் செல்லும் நரம்பிழைகளும் வழி மாறிவிடுகின்றன. பின்னாளில் மூக்குக்கண்ணாடி அணிந்தாலும் பார்வை முழுமை பெறாது.

இத்தகைய மாணவன் ஒருவன் என் வகுப்பில் கடைசி பெஞ்சில் இருந்தான். நோட்டை மூக்கருகே பிடிப்பான். கரும்பலகையில் உள்ளதை எழுதமாட்டான். சோம்பல் என்றெண்ணி, ஒரு நாள் அவனை வெயிலில் நிற்க வைத்தேன். டைரோசின், மெலனின் என்று பாடம் நடத்தியவனும் நானே! கண் மருத்துவர் ஒருவர் சொன்ன பிறகே உண்மை விளங்கிற்று. மறுநாள் அவனை முதல் பெஞ்சுக்கு மாற்றினேன். கரும்பலகையில் எழுதும் ஒவ்வொரு வரியையும் உரக்கப் படிக்கலானேன். அப்போது ஆண்டுத் தேர்வுக்கு இரண்டே மாதங்கள் இருந்தன.